தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டு ஒஸ்லோவில் ஸ்காண்டிநேவிய இலக்கியம் படித்தபோது

நார்வே மொழி வகுப்பின் முதல் வாரம். ஆசிரியர் பலகையில் ஒரு சின்னச் சொல்லை எழுதினார், குழந்தை என்று பொருள். எழுத்துக்கூட்டிப் படித்தால் "பார்ன்" என்றுதான் வரும், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது "பாண்". ரகரமும் னகரமும் அடுத்தடுத்து வந்தால் ஒஸ்லோ வட்டாரத்தில் நாக்கு மேலே மடங்கி அப்படியே நம் டண்ணகரமாகிவிடுகிறது. ரகரத்துக்குப் பின் அவர்களுடைய தகரம் வந்தால் நம் "ட்". பக்கத்தில் இருந்த இரண்டு ஐரோப்பிய மாணவர்கள் அந்த ஒலியைப் பிடிக்க வகுப்பு முடியும்வரை போராடினார்கள். எனக்கு அது முதல் தடவையே வந்துவிட்டது, ஏனென்றால் கண், மண், பெண் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கும் ஒலி அது.

அன்றைக்குத்தான் ஒரு நம்பிக்கை வந்தது. தமிழை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகவேண்டியதில்லை என்ற நம்பிக்கை. பிறகு முதுகலை முடிக்கும்வரை என்னைத் தூக்கி நிறுத்தியது அதுதான், அதனால் இந்தப் படிப்பைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு அதிலிருந்தே சொல்லத் தொடங்குகிறேன்.

நான் மாயவரத்துப் பக்கம். சென்னையில் தமிழ் எம்.ஏ. படித்தேன். 2016இல் கணவரின் வேலைக்காக ஒஸ்லோ வந்தோம். தரங்கம்பாடிக் கோட்டையைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்ததைத் தவிர எனக்கும் வட ஐரோப்பாவுக்கும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் அங்கே இருந்தார்கள் என்பது தெரியும். ஆனால் அதில் பெரும்பகுதிக் காலம், 1814 வரை, டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தன என்பதும், 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தரங்கம்பாடி ஆளுநராக இருந்த பீட்டர் ஆங்கர் ஒரு நார்வேக்காரர் என்பதும், அவர் திரட்டிய தென்னிந்திய ஓவியங்கள் ஒஸ்லோ அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கின்றன என்பதும் இங்கே வந்தபிறகுதான் தெரிந்தது. அந்த ஓவியங்களின் கீழிருந்த குறிப்புகளைப் படிக்க ஆசைப்பட்டதுதான் தொடக்கம்.

முதலில் மொழியைப் பற்றி. ஸ்காண்டிநேவிய இலக்கியத்தை முதுகலையில் படிக்க இரண்டு வழி இருக்கிறது. ஆங்கிலத்திலேயே நடக்கும் படிப்புகள், பெரும்பாலும் வைக்கிங் காலம், இடைக்காலம் பற்றியவை, ஒரு வழி. அந்தந்த நாட்டு மொழியிலேயே நடக்கும் படிப்பு இன்னொன்று. நான் இரண்டாவதை எடுத்தேன், அதற்கு முன் ஏறக்குறைய ஒன்றரை வருடம் மொழியை மட்டும் படித்தேன். இலக்கியத்தைத்தான் படிக்கப்போகிறேன் என்கிறவர்களுக்கு என் கருத்து இதுதான்: அந்த ஒன்றரை வருடத்தைச் செலவு செய்யுங்கள். மொழிபெயர்ப்பை வைத்துக் கவிதையைப் பற்றி 80 பக்கம் எழுதுவது முடியாத காரியம் இல்லை, ஆனால் கம்பனை ஆங்கிலத்தில் மட்டும் படித்த ஒருவர் கம்பனின் ஓசையைப் பற்றிப் பேசினால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எது எளிது, எது கஷ்டம் என்பது நம் மொழியைப் பொறுத்தது, இதைப் பாடநூல் சொல்லாது. குறில் நெடில் நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. கூரை என்பதற்கு "டாக்", நன்றி என்பதற்கு "டக்". ஒன்றில் உயிர் நீள்கிறது, மற்றொன்றில் உயிர் குறுகி மெய் அழுந்துகிறது. படு, பாடு, பட்டு என்று வளர்ந்த காதுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. உதட்டை "உ" சொல்வதுபோல் குவித்துக்கொண்டு நாக்கில் "ஈ" சொல்லும் ஓர் உயிர் உண்டு, அதற்கு எனக்கு மாதக்கணக்கில் கண்ணாடி தேவைப்பட்டது. அதைவிடக் கடினம் ராகம். உழவர்கள் என்பதற்கும் அவரைக்கொட்டை என்பதற்கும் எழுத்தில் வேறுபாடு உண்டு, பேச்சில் ஒலி ஒன்றுதான், குரல் ஏறி இறங்கும் விதம் மட்டுமே வேறு. எழுத்தைப் பார்த்து இது வராது. வானொலியைப் போட்டுவிட்டு, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், பாட்டைப்போல் கூடவே முணுமுணுத்ததில்தான் வந்தது. தினம் அரை மணி நேரம், சமையல் நேரத்தில்.

வகுப்பில் தேறி, தேர்வில் தேறி, சரி என்று தைரியம் வந்தபோதுதான் நார்வேயில் பேச்சுக்கென்று ஒரு பொதுத்தரம் கிடையாது என்பது உறைத்தது. நாடாளுமன்றத்தில், தொலைக்காட்சியில், பல்கலைக்கழக மேடையில் அவரவர் ஊர்ப்பேச்சிலேயே பேசுகிறார்கள். "நான்" என்பது புத்தகத்தில் ஒன்று. ஒஸ்லோவில் அது "யை". மேற்கே "எக்", வடக்கே அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவிலான ஒற்றை உயிர், மோல்டே பக்கம் போனால் வெறும் "ஈ". எழுத்துமொழியும் ஒன்று இல்லை, இரண்டு: பூக்மோல், நீநொர்ஸ்க். முதலாவது டேனிஷ் எழுத்துமொழியிலிருந்து மெல்ல மெல்ல நார்வேமயமானது. இரண்டாவதின் கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஈவர் ஓசென் என்ற குடியானவர் மகன், பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர், 1842இல் கிளம்பி வருடக்கணக்கில் நாடு முழுக்க நடந்து கிராமத்துப் பேச்சுகளைத் திரட்டி, 1848இல் இலக்கணமும் 1850இல் அகராதியும் போட்டு, அந்தப் பேச்சுகளுக்கெல்லாம் பொதுவான ஓர் எழுத்துமொழியைக் கட்டினார். 1885இல் நாடாளுமன்றம் அதற்குச் சம உரிமை கொடுத்தது. 2023இல் நோபல் பரிசு பெற்ற யூன் ஃபொஸ்ஸே எழுதுவது அந்த மொழியில்தான்.

வெளிநாட்டு மாணவர்கள் பலர் நீநொர்ஸ்க்கைப் பார்த்து எரிச்சல்படுவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு மொழி கற்க வந்தால் இரண்டு கொடுக்கிறார்களே என்று. எழுதுவது ஒன்று, பேசுவது ஒன்று என்ற நிலையில் நமக்கு அதிர்ச்சி ஒன்றும் இல்லை. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிவிட்டு "வந்துட்டிருக்கேன்" என்று பேசுகிறவர்கள்தானே நாம். ஆனால் ஒரு தவறு செய்தேன், அதைச் சொல்லவேண்டும். பேச்சு என்றால் எழுத்தைவிட ஒரு படி தாழ்ந்தது என்று நம் ஊர் மேடைப்பழக்கம் எனக்குள் ஊன்றியிருந்தது. அதனால் வட்டார வழக்கைக் கேட்டபோதெல்லாம் மனதுக்குள் அதைப் பூக்மோலாகத் திருத்திக்கொண்டே இருந்தேன். அப்படித் திருத்திக்கொண்டிருந்தவரை ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை.

அதிலிருந்து என்னை இழுத்துவிட்டவர் எங்கள் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் இருந்த அக்கா. காரைநகர்ப் பக்கம் பிறந்தவர், 1980களில் இங்கே மக்கள் உயர்நிலைப்பள்ளி ஒன்றில் இடம் கிடைத்து வந்தவர். அப்படிப்பட்ட விடுதிப் பள்ளிகள் வழியாக அந்தக் காலத்தில் நிறைய ஈழத்தமிழர்கள் நார்வேக்கு வந்தார்கள். அப்புறம் வடகோடியில், ஃபின்மார்க்கில், மீன் பதனிடும் ஆலையில் பல வருடம் வேலை. அவர் பேசும் நார்வே மொழி முழுக்க முழுக்க வடக்கத்திப் பேச்சு, "என்ன" என்பதற்கு "கா" என்பார், புத்தகத்துச் சொல் வராது. ஒரு நாள் என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னார், "பிள்ளை, நீர் நல்லாத்தான் கதைக்கிறீர். ஆனா செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு. பக்கத்தில நிண்டு மீன் வெட்டுற மனிசிக்கு அது விளங்காது." அதற்குப் பிறகு சனிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வீட்டில் தேநீர், பேச்சு. நார்வே மொழியில் தொடங்கி யாழ்ப்பாணத் தமிழில் முடியும். படிக்கப் போகிறவர்கள் யாராக இருந்தாலும் இப்படி ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள், அவர் பட்டம் பெற்றவராக இருக்கவேண்டும் என்பதில்லை.

2018இல் முதுகலையில் சேர்ந்தேன். அப்போது கட்டணம் இல்லை. 2023 இலையுதிர்காலத்திலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களுக்கு நார்வேயில் கட்டணம் வந்துவிட்டது, ஸ்வீடனில் 2011இலேயே வந்துவிட்டது, ஆகவே பழைய கட்டுரைகளில் "நார்வேயில் இலவசம்" என்று இருப்பதை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். ஐஸ்லாந்து மொழி படிக்க விரும்புகிறவர்களுக்கு அந்நாட்டு அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது, ரெய்க்யாவிக்கில் உள்ள ஆர்னி மாக்னுசன் ஆய்வு நிறுவனம் அதைக் கவனிக்கிறது. 1947இல் தொடங்கிய ஒஸ்லோ கோடைப்பள்ளியும் நல்ல தொடக்கம், சில வாரத்தில் இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும்.

வகுப்பில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும், பேராசிரியரையும். எனக்கு அது ஒரு பருவம் முழுக்க நாக்கில் வரவில்லை, பெயரைச் சொல்லாமலே வாக்கியத்தை அமைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடப் பெரிய அடி முதல் பருவக் கட்டுரையில் விழுந்தது. 1800களின் நாடகம் ஒன்றைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதினேன். கதைச்சுருக்கம், பாத்திரப் படைப்பு, ஆசிரியரின் சிறப்பு என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. டி வாங்கினேன். ஓரத்தில் ஒரே குறிப்பு, "உங்கள் கேள்வி எது?"

இங்கே "ப்ரொப்லெம்ஸ்டில்லிங்" என்று ஒரு சொல் உண்டு, முதுகலையில் தினமும் காதில் விழும். கட்டுரை எந்தக் கேள்வியைக் கேட்கிறது, அந்தக் கேள்விக்கு இந்த நூலை வைத்துப் பதில் சொல்ல முடியுமா, இதுதான் அதன் பொருள். நான் படித்த முறையில் நூலைப் போற்றுவது ஆய்வின் ஒரு பகுதி. இங்கே போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம், ஒரு வரியை எடுத்து "இது ஏன் இப்படி இருக்கிறது" என்று கேட்டு அதிலேயே நிற்கவேண்டும். அடுத்த கட்டுரையில் ஒரு பக்கத்து உரையாடலை மட்டும் எடுத்துக்கொண்டேன். பி வந்தது. வித்தியாசம் என் மொழித்திறமையில் இல்லை, மூன்று மாதத்தில் மொழி அவ்வளவு வளர்ந்திருக்காது.

இன்னொரு விஷயம், முதுகலையில் ஒரு மொழி போதாது. நார்வே மொழியில் படிக்கச் சேர்ந்தாலும் பாடப்பட்டியலில் டேனிஷ் கட்டுரையும் ஸ்வீடிஷ் கட்டுரையும் மொழிபெயர்ப்பில்லாமல் கலந்து வரும், எல்லாருக்கும் புரியும் என்பதுதான் எதிர்பார்ப்பு. படித்தால் புரியத்தான் செய்கிறது, அதில்தான் ஆபத்து. "ரூலிக்" என்றால் நார்வேயிலும் டென்மார்க்கிலும் அமைதியான என்று பொருள், ஸ்வீடிஷில் வேடிக்கையான. எழுத்து ஒன்றே. ஒரு ஸ்வீடிஷ் ஆய்வாளர் ஒரு கவிஞரின் வேடிக்கையைப் பற்றி எழுதியதை நான் அமைதி என்று படித்து, அதன்மேல் வாதம் கட்டி, வகுப்பின் முன் பதினைந்து நிமிடம் பேசினேன். ஒரு சக மாணவி முடிந்தபிறகு தனியாக வந்து சொன்னாள். அன்றிலிருந்து "தெரிந்த சொல்தானே" என்று தோன்றும் சொல்லைத்தான் முதலில் அகராதியில் பார்க்கிறேன், தெரியாத சொல்லை இரண்டாவதாக. நார்வேக்கு இரண்டு எழுத்துமொழிகளின் அகராதியும் ஒரே இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, டேனிஷுக்கும் பழைய, புதிய அகராதிகள் உண்டு, ஸ்வீடிஷ் அகாதமியின் வரலாற்று அகராதி 1898இல் முதல் தொகுதி வந்து 2023இல் கடைசித் தொகுதியோடு முடிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பயன்படுத்துங்கள்.

2019இல் ஒரு பருவம் கோபன்ஹேகனில் இருந்தேன். நார்டிக் நாடுகளுக்குள் மாணவர் பரிமாற்றத்துக்கு நார்ட்பிளஸ் என்ற திட்டம் இருக்கிறது. முதல் நாள் கடைப்பலகை, நாளிதழ், நூலக விதிகள் எல்லாம் படித்துவிட்டேன், ஆனால் ரொட்டிக்கடையில் சொன்ன விலை புரியவில்லை. டேனிஷில் 90 என்பதைச் சொல்லும் சொல்லுக்குள் ஒளிந்திருப்பது "ஐந்தாவதில் பாதி, இருபது மடங்கு", அதாவது நாலரை இருபது. 50 என்றால் இரண்டரை இருபது. கணக்குப் போடாதீர்கள், வாய்ப்பாடுபோல் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கோபன்ஹேகன் போனது ஏடுகளுக்காக. பழைய நோர்ஸ், அதாவது நார்வேயும் ஐஸ்லாந்தும் இடைக்காலத்தில் பேசிய மொழி, இங்கே "நொரோன்" என்பார்கள், அந்தப் பாடத்தை முதல் பருவத்தில் கட்டாயத்துக்காக எடுத்தவள் நான். இரண்டாவது மாதத்தில் ஆசிரியர் யாப்பை விளக்கினார். அடிகளை இணைப்பது சொல்லின் முதல் ஒலி ஒன்றிவருவது. எனக்கு மோனை. "த்ரோட்க்வெட்" என்ற அரசவை யாப்பில் ஆறு அசை கொண்ட எட்டு அடிகள், இரண்டிரண்டு அடிகளாக மோனையால் கட்டுண்டவை, அதற்குமேல் அடிக்குள்ளேயே ஒற்றுகள் ஒத்துவரும் ஓசை. எதுகையின் உறவினர் என்று நோட்டில் எழுதினேன். அப்புறம் "கென்னிங்". கடலின் குதிரை என்பார்கள், கப்பல் என்று புரிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் இதை உருவகம் என்று விளக்க முயன்று ஒவ்வொருவரும் தடுமாறினார்கள், ஏனென்றால் இரண்டு சொல்லிலும் கப்பல் இல்லை. நமக்கு அன்மொழித்தொகை தெரியும். "பொற்றொடி வந்தாள்" என்றால் பொன்னும் தொடியும் இருக்கின்றன, பெண் சொல்லில் இல்லை, வெளியே நிற்கிறாள். இரண்டும் ஒன்றல்ல, கென்னிங் வேலைசெய்யும் விதம் வேறு, ஆனால் சொல்லுக்கு வெளியே பொருளைத் தேடும் பழக்கம் எனக்கு ஏற்கெனவே இருந்தது.

நொரோன் கற்ற முறையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வேற்றுமை, மூன்று பால், அதற்கேற்ற விகுதிகள். நான்கு பேர் குழுவாக வாரம் இரண்டு தடவை உட்கார்ந்தோம், வீட்டில் தினம் பத்து வரி பார்த்துக்கொண்டு வருவோம், அதற்குமேல் இல்லை. குழுவில் ஒவ்வொருவரும் ஒரு வரியைச் சத்தமாகப் படித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் இலக்கணம் சொல்லி, பிறகுதான் பொருள். நான் விகுதிகளை நன்னூல் சூத்திரம் படித்த அதே பாணியில் ராகம் போட்டு ஒப்பித்தேன், மற்ற மூவரும் சில வாரங்களில் அதையே பிடித்துக்கொண்டார்கள். பத்து வரி குறைவாகத் தோன்றும். ஒரு பருவத்தில் ஒரு சாகாவின், அதாவது அந்தக் காலத்து உரைநடைக் கதை ஒன்றின், பாதி வந்துவிட்டது.

ஏடுகளைச் சேகரித்த ஆர்னி மாக்னுசனை (1663–1730) பற்றிப் படித்தபோது எனக்கு உ.வே.சா. நினைவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஐஸ்லாந்துக்காரர், கோபன்ஹேகனில் பேராசிரியர், பண்ணை பண்ணையாக அலைந்து தோலேடுகளைத் திரட்டினார். அவர் காலத்தில் அந்தத் தோல்களைப் பலர் வேறு வேலைகளுக்கு வெட்டிவிட்டிருந்தார்கள். ஓர் ஆயரின் தலையணிக்குள் விறைப்புக்காக வைக்கப்பட்டிருந்த தோலில் ஒரு பழைய காதல் கதைத் தொகுப்பின் வரிகள் இருந்தன, அது இன்றும் இருக்கிறது. 1728இல் கோபன்ஹேகன் பற்றி எரிந்தபோது அவருடைய நூலகத்தில் பெரும்பகுதி போனது, பழைய தோலேடுகளில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றிவிட்டார்கள். 1971 முதல் 1997 வரை அவற்றில் ஏறக்குறையப் பாதியை டென்மார்க் ஐஸ்லாந்துக்குத் திருப்பிக் கொடுத்தது. ஏட்டுப்படிப்பில் ஆர்வம் இருந்தால் கோபன்ஹேகனும் ரெய்க்யாவிக்கும் மாறி மாறி நடத்தும் கோடைப்பள்ளிக்கு விண்ணப்பியுங்கள். அச்சுப் பதிப்பில் நேர்த்தியாகத் தெரியும் ஒரு செய்யுளில் எவ்வளவு பதிப்பாசிரியரின் ஊகம் என்பது ஏட்டெழுத்தைப் படிக்கத் தெரிந்தபிறகுதான் புரியும்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது "சோனடோரெக்", 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் எகில் தன் மகனைக் கடலுக்குக் கொடுத்துப் பாடிய 25 செய்யுள். அவருடைய சாகாவில் அந்தக் கதை வருகிறது. மகன் போத்வர் படகு கவிழ்ந்து இறக்கிறான். எகில் உடலை எடுத்துவந்து அடக்கம் செய்துவிட்டு, படுக்கை அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, உண்ணாமல் சாவதென்று படுத்துவிடுகிறார். மகள் தோர்கெர்த் வருகிறாள். நானும் உங்களோடு சாகிறேன் என்று உள்ளே போய்ப் படுக்கிறாள். கடற்பாசியை மெல்கிறாள், இது சீக்கிரம் கொல்லும் என்று அவருக்கும் கொடுக்கிறாள். உப்பில் தாகம் எடுக்கிறது, தண்ணீர் கேட்டால் வருவது பால். ஏமாந்துவிட்டோம் என்று தெரிந்ததும் அவள் சொல்கிறாள், இனி தம்பிக்கு ஒரு பாட்டுக் கட்டுங்கள், நான் கோலில் செதுக்கி வைக்கிறேன், பிறகு வேண்டுமானால் சாவோம். பாட்டு வளர வளர எகில் எழுந்து உட்காருகிறார்.

புறநானூறு படித்தவர்களுக்கு இரண்டு சொற்கள் உடனே வரும், இறந்தவருக்கு இரங்கிப் பாடும் கையறுநிலை, உண்ணாமல் இருந்து உயிர்விடும் வடக்கிருத்தல். எனக்கும் வந்தன. முதல் வரைவில் சங்கக் கையறுநிலையையும் நோர்ஸ் இரங்கற்பாக்கள் அத்தனையையும் ஒப்பிடுவதாக ஒரு பெரிய திட்டம் எழுதிக்கொண்டு போனேன். வழிகாட்டி படித்துவிட்டுச் சொன்னார், "இது இருபது வருட வேலை. உங்களுக்கு இருப்பது ஒரு வருடம். எந்த இடத்தில் ஒப்புமை உடைகிறது, அதை மட்டும் சொல்லுங்கள்." ஒரு வாரம் யோசித்தேன். வடக்கிருத்தல் ஊரறிய நடப்பது, கோப்பெருஞ்சோழனுக்குப் பக்கத்தில் பிசிராந்தையாருக்கு இடம் ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். எகில் கதவைத் தாழிட்டுக்கொண்டார். அப்படிப் பார்க்கத் தொடங்கியபிறகு பாட்டு முழுக்க அடைப்பதும் திறப்பதுமாகத் தெரிந்தது. முதல் செய்யுளே நாக்கை அசைக்க முடியவில்லை என்று தொடங்குகிறது. ஆறாவது செய்யுளில் கடல் அலை அவருடைய உறவின் வேலியை உடைத்துவிட்டது, மகன் இருந்த இடம் நிரப்பப்படாமல் திறந்து கிடக்கிறது. என் கேள்வி அதுதான் ஆனது. ஆய்வேட்டில் தமிழ் ஓர் அடிக்குறிப்பில் மட்டும்தான் இருக்கிறது, ஆனால் கேள்வி தமிழிலிருந்து வந்தது. ஒப்பிலக்கிய ஆசையோடு வரும் நம் மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒப்புமை கிடைத்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்றுவிடத் தோன்றும், ஆனால் அது எந்த இடத்தில் பொருந்தாமல் போகிறதோ அங்கேதான் எழுதுவதற்கு ஏதாவது இருக்கிறது.

2020 மார்ச் 12ஆம் தேதி நார்வே மூடியது. நூலகம் இல்லை, குழு இல்லை, அதற்கு முந்தைய குளிர்காலத்தின் இருட்டு இன்னும் உடம்பில் இருந்தது. (டிசம்பரின் மிகக் குறுகிய நாட்களில் ஒஸ்லோவில் பகல் ஆறு மணி நேரம்கூட முழுசாக இருக்காது. காலையில் வெளிச்சம் வந்ததும் எழுத்தை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் நடந்துவிடுங்கள், மீன் எண்ணெய் குடியுங்கள், இதை உடல்நல அறிவுரையாக இல்லை, ஆய்வேட்டை முடிக்கும் வழியாகவே சொல்கிறேன்.) காப்பாற்றியது எண்ணிம (டிஜிட்டல்) படிகள். நார்வே தேசிய நூலகம் 2006இலிருந்து தன் சேகரிப்பை எண்ணிமமாக்கி வருகிறது, நார்வேக்குள் இருந்தால் கடந்த நூற்றாண்டு நூல்களைக்கூட முழுதாகப் படிக்கலாம். ருனேபெரிக் திட்டம் 1992 முதல் நார்டிக் பழநூல்களை எந்த ஊரில் இருப்பவருக்கும் இலவசமாகத் தருகிறது, சென்னையிலிருந்தே தொடங்கலாம். ஐஸ்லாந்து ஏடுகளின் படங்களும் அப்படியே. சோனடோரெக்கின் முழு வடிவம் இடைக்காலத் தோலேட்டில் இல்லை. 14ஆம் நூற்றாண்டுப் பெரிய ஏட்டில் முதல் செய்யுள் மட்டும்தான். முழுப்பாட்டும் கிடைப்பது 17ஆம் நூற்றாண்டில் கெட்டில் யோருண்ட்சன் என்ற பாதிரியார் எடுத்த காகிதப் படிகளில், அவர் ஆர்னி மாக்னுசனின் அம்மாவழித் தாத்தா. அந்தப் பக்கங்களைச் சமையலறை மேசையில் மடிக்கணினியில் பெரிதாக்கி எழுத்தெழுத்தாகப் படித்த இரவுகள்தான் இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த நேரம்.

வேலை பற்றி நேராகச் சொல்கிறேன். இந்தப் பட்டத்துக்கென்று காத்திருக்கும் வேலை இல்லை. நான் இப்போது புதிதாக வந்தவர்களுக்கு நார்வே மொழி கற்பிக்கிறேன், மிச்ச நேரத்தில் மொழிபெயர்ப்பு. தமிழில் ஸ்காண்டிநேவிய இலக்கியம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் வந்திருக்கிறது, மூலத்திலிருந்து நேரே வருவது அரிது. நார்வே நூல்களை வெளிநாட்டில் வெளியிட உதவும் நோர்லா 1978 முதல் இருக்கிறது, வெளியிடும் பதிப்பகம் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும். தமிழ்ப் பதிப்பாளர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், மொழிபெயர்க்கத் தெரிந்தவர்களும் வேண்டும். ஐந்து பேர் வந்தால்கூடப் பெரிய விஷயம்.

ஆய்வேடு முடிந்த கோடையில் சோனடோரெக்கைத் தமிழில் போட்டுப் பார்த்தேன். ஆறாவது செய்யுள் மட்டும் சரியாக வரவில்லை. வேலியில் அலை உடைத்த அந்த வாய்க்கு மூலத்தில் இரண்டு சொல் இருக்கிறது, நான் திறப்பு, இடைவெளி, பிளவு என்று மாற்றி மாற்றி எழுதிக் கடைசியில் "இடைவெளி" என்று வைத்திருந்தேன். சனிக்கிழமை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்தேன். அவர் தேநீர்க் கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்ததும் கையை உயர்த்தினார்.

"வேலியில இடைவெளி எண்டு ஆர் சொல்லுவினம்? அது பொட்டு, பிள்ளை. ஆடு வந்து போற பொட்டு, நாங்கள் பக்கத்து வளவுக்குப் பூர்ற பொட்டு."

எனக்குப் பொட்டு என்றால் நெற்றியில் வைப்பது. வேலியில் விழுந்த துளைக்கு அந்தப் பெயர் உண்டு என்பது அன்றுதான் தெரியும். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, தன் சின்னண்ணன் ஒருநாள் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை என்றார், அத்தனை வருடப் பழக்கத்தில் அவரைப் பற்றி அக்கா சொன்னது அதுதான் முதல் தடவை. நான் "இடைவெளி"யை அடித்துவிட்டு மேலே எழுதினேன்.

"இன்னொருக்கா முதல்ல இருந்து வாசியும்," என்றார்.